முழங்கையில் வளர்ந்த பாசி

ரெண்டு காலையும் அந்தத் தொட்டியில் நனைச்சுட்டு வாங்க சார். செருப்பைப் படியிலேயே விட்டுடுங்க. தண்ணீர் ரோஸ் கலராக இருக்கிறதே என்று பார்க்காதீங்க, பர்மாங்கனேட்தான், ஒன்றும் செய்யாது. வெளியிலிருந்து வருகிறவர் காலில் என்ன நோய் ஒட்டிக்கொண்டு வருகிறதோ, யாருக்குத் தெரியும். மீன் வளர்க்கிற மாடியில் இது ஒரு ஒழுங்கு. கொளத்தூரில் எத்தனையோ பேர் தொட்டி வைத்திருக்கிறார்கள், எல்லாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். நான் செய்வேன்.

போனில் பேசினது நீங்கதானே? பூந்தமல்லி. ஏஞ்சல் மீன் ஜோடி வேணும்னு சொன்னீங்க. உட்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாகப் போட்டுக்குங்க. மீனை இப்பவே பிடிக்க வேண்டாம், கொஞ்சம் வெயில் இறங்கட்டும். இப்போது வலையை விட்டால் மிரண்டு போய் வழியிலேயே செத்துவிடும். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே? நல்லது.

என்ன பார்க்கறீங்க? கையையா? பாருங்க, தாராளமாகப் பாருங்க. இந்தத் தழும்பைப் பார்க்க டாக்டர்களே வரிசையில் நின்றிருக்கிறார்கள். நீங்க பார்க்கிறதில் என்ன.

இது பாசி சார். நம்பமாட்டீங்க. தொட்டிச் சுவரில் பிடிக்குமே, அந்தப் பாசிதான். அதன் உறவுக்காரன் ஒருத்தன். என் முழங்கைக்குள்ளே குடித்தனம் வந்துவிட்டான்.

முதலில் எப்படி வந்தது என்று சொல்கிறேன். இந்தச் சிமெண்ட் தொட்டி விளிம்பு இருக்கிறதே, இதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மீன் பார்ப்பது என் வழக்கம். மேலே நின்று பார்த்தால் மீனுக்கு என்ன குறை என்று தெரியாது. குனிந்து, ஊன்றி, முகத்தைத் தண்ணீர் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கணும். இப்படியே ஊன்றி ஊன்றி அந்த இடம் காய்ப்புக் காய்த்திருந்தது. ஒரு நாள் விளிம்பில் சிமெண்ட் பெயர்ந்து, தோல் கிழிந்துவிட்டது. சின்னக் கீறல். அன்றைக்குத்தான் புழு வந்திருந்தது. குஞ்சுகளுக்குப் போடுகிற சிவப்புப் புழு, சாக்கடை வாய்க்காலில் அள்ளுவார்கள், அதை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசணும். கீறிய கையோடு அலசினேன். யார்தான் கீறலைப் பெரிதாக நினைப்பார்கள்?

கொஞ்ச நாளில் முழங்கை நுனியில் ஒரு வீக்கம். எலுமிச்சம்பழம் மாதிரி. வலி கிடையாது. தொட்டால் உள்ளே தண்ணீர் ஆடும். அப்புறம் தோல் சிவந்து, கசிய ஆரம்பித்தது. கசிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு படலம். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மீனுக்குப் பஞ்சு நோய் வந்தால் இப்படித்தான் இருக்கும். வெள்ளையாக, பஞ்சு ஒட்டினது போல. அதற்கு மருந்து என்ன? நீல மருந்து, கல்லுப்பு. தினமும் நீல மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினேன். அதுவும் கேட்காததால் பச்சை மருந்து. அதுவும் கேட்காததால் இரண்டையும் கலந்து.

சிரிக்காதீங்க. டாக்டர் பர்வீன் இப்படித்தான் சிரித்தாங்க. அது பின்னாடி.

முதலில் போனது தெருமுனை டாக்டரிடம். அவர் கையைப் பார்த்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "என்னய்யா இது, கிருஷ்ணர் வேஷம் போட்டியா?" என்றார். நீலத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். அது கழுவினால் போகிற நீலமா? மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. இன்னொருத்தர் ஊசி போட்டு அந்த நீரை எடுத்தார். நாலு நாள் சப்பையாக இருந்தது, மறுபடி ரொம்பிவிட்டது. மூன்றாவது ஒருத்தர் டி.பி.யாக இருக்குமோ என்று எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, கடைசியில் சொன்னார்: "ஏதோ பூஞ்சை மாதிரி இருக்கு. ஒட்டிக்குமான்னு எனக்குச் சரியாத் தெரியலை. எதுக்கும் துண்டு, சோப்பெல்லாம் தனியா வெச்சுக்குங்க."

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

நம்ம தொழிலில் ஒரு மீன் ஒரு மாதிரி நீந்தினால் நாம் என்ன செய்கிறோம்? முதல் வேலை, அதைப் பிடித்து மருந்துத் தொட்டியில் தனியாக விடுகிறோம். என்ன நோய் என்று அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரி. நான் யோசிக்கவே இல்லை. பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அதோ அந்தத் தகரக் கொட்டகைதான். மீன் தீனி வைக்கிற இடம். ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். படிக்கட்டு வாசலில் இந்தப் பர்மாங்கனேட் தொட்டியும் அன்றைக்கு வைத்ததுதான். யார் மேலே வந்தாலும், இறங்கினாலும், கால் நனைக்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். யார் என்ன யார், கீழே என் சம்சாரம் ஒருத்திதான். குணசுந்தரி. பெண்ணை ஓசூரில் கொடுத்திருக்கிறோம்.

அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க என்ன மீனா?" என்று கேட்டாள். கட்டு மாற்றுகிறேன் என்று துணியை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். கையை இழுத்தேன் பாருங்க, சாப்பாட்டுத் தட்டு எகிறிப்போய் அந்தக் கப்பி மீன் தொட்டிக்குள் விழுந்தது. இனிமேல் இந்தக் கடைசிப் படியைத் தாண்டி வந்தால் நான் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று சத்தம் போட்டேன். அவள் நல்லதுக்குத்தானே சார்? எனக்கும் சர்க்கரை, அவளுக்கும் சர்க்கரை. வந்தால் தாங்குவாளா?

அதற்கப்புறம் அவள் அந்தப் படியைத் தாண்டவே இல்லை. தட்டைக் கடைசிப் படியில் வைத்து மூடிவிட்டு, ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். நாய்க்கு வைக்கிற மாதிரி. அப்போது வலது கையில் கட்டுப் போட்டிருந்தது, இடது கையால் சாப்பிடுவேன். மீன் குழம்பென்றால் முள் எல்லாம் எடுத்து, பிசைந்தேதான் வரும். அதுகூட என்னமோ பல்லுப் போன கிழவனுக்கு வைக்கிற மாதிரி எனக்கு ஒரு கோபம். இன்றைக்கும் அப்படித்தான் பிசைந்து வைக்கிறாள். கை சரியாகிவிட்டது, அவளுக்குக் கண் இருக்கிறதே, பார்த்தால் தெரியாதா?

தெரியாதுதான், விடுங்க.

டாக்டர் பர்வீன் கதைக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு. சின்ன வயசு, என் பெண்ணைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவங்க ஒருத்தர்தான் கையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளாதவங்க. முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாங்க. "என்ன தொழில் பண்றீங்க?" முதல் கேள்வியே அதுதான். சொன்னேன். எந்தத் தண்ணீர், என்ன புழு, எங்கே ஊன்றுவீங்க, எல்லாம் கேட்டாங்க. மீன் மருந்தைப் போட்டதைச் சொன்னபோதுதான் சிரித்தாங்க. ஏளனச் சிரிப்பு இல்லை. "உங்க மீனெல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்டாங்க. அதை யார் கேட்பார்கள் சொல்லுங்க.

கொஞ்சம் சதை வெட்டி எடுத்தாங்க. அதை லேபில் ஒரு கண்ணாடித் தட்டில் வளர்க்க வைத்தார்களாம். தயிர் மாதிரி வெள்ளையாக வளர்ந்திருக்கிறது. அங்கே இருந்தவர்கள் இது பூஞ்சைதான், ஈஸ்ட் வகை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இவங்க விடவில்லை. போய் அவங்களே மைக்ராஸ்கோப் கண்ணாடியில் பார்த்திருக்கிறாங்க. அடுத்த தடவை நான் போனபோது என்னையும் கூட்டிப்போய்க் காட்டினாங்க. "ஒரு கண்ணை மூடிக்குங்க தணிகாசலம்" என்று. பார்த்தேன். உருண்டை உருண்டையாக. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கோடு கோடாகப் பிரிந்து, சீதாப்பழத்தைத் தோல் உரித்து வைத்தது போல இருந்தது. அழகாகத்தான் சார் இருந்தது, பொய் சொல்வானேன்.

"பூஞ்சைக்கு இந்த மாதிரி இருக்காது. இது பாசி" என்றாங்க.

நான் சும்மா இருப்பேனா? பாசி தேய்த்தே பிழைக்கிறவன். "மேடம், பாசின்னா பச்சையா இருக்கணுமே. வெயில் இல்லாம எப்படி வளரும்?" என்றேன்.

"இது பச்சையைத் தொலைச்ச பாசி. அதனால வெயில் வேண்டாம். சாக்கடை, சேறு, மாட்டு மடி, எங்கயாவது இருந்துக்கிட்டு, கிடைக்கிறதைச் சாப்பிட்டுக்கிட்டுக் கிடக்கும். ரொம்ப அபூர்வமா மனுஷனுக்கு வரும்."

"அப்ப ஒரு சக்கர் மீனைப் பிடிச்சு முழங்கையில விட்டா போதும்ல மேடம்? சுத்தமா மேய்ஞ்சுடும்."

தெரியும் இல்லையா உங்களுக்கு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, அந்த மீன். அவங்க சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாங்க. ஒரு ஆளைச் சிரிக்க வைத்து எத்தனை காலம் ஆகியிருந்தது எனக்கு.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாங்க. இது ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். "வீட்டுல எல்லார்கூடவும் சாதாரணமா இருங்க" என்றாங்க.

சொல்லாமல் என்ன. வந்து சொன்னேன். புழுக்காரரிடம் சொன்னேன். எதிர்வீட்டு நாராயணனிடம் சொன்னேன். போனில் பெண்ணிடம் சொன்னேன். குணசுந்தரியிடமா? அவள் கேட்கணும் இல்லையா சார்? நான் போய், ஒட்டாது ஒட்டாது என்று அவள் முன்னால் நின்றால் அது எப்படி இருக்கும்? கெஞ்சுகிற மாதிரி இருக்காது?

வைத்தியம் லேசில் முடியவில்லை. இதற்கென்று தனியாக ஒரு மருந்து உலகத்திலேயே கிடையாதாம். பூஞ்சைக்குக் கொடுக்கிறதைத்தான் கொடுத்துப் பார்க்கணும், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அவங்களே ஒளிக்காமல் சொன்னாங்க. "நானும் இப்பத்தான் முதல் தடவை பாக்கறேன். ராத்திரி உக்காந்து படிச்சுட்டுதான் வரேன். ரெண்டு பேரும் சேர்ந்து முயற்சி பண்ணுவோம்." முதலில் ஒரு மாத்திரை. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் முழங்கைக்குள் நீர் கட்டியிருந்த பையையே அறுத்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அறுத்தார்கள். ஆனாலும் தையல் பிரிக்கிற சமயத்தில் ஓரத்தில் மறுபடி ஒரு கசிவு. அவங்க முகம் சுண்டிப்போய்விட்டது. நான்தான் தைரியம் சொன்னேன். "தொட்டியைக் கழுவிட்டா பாசி போயிடுமா மேடம், மூலையில ஒட்டியிருக்கும், ரெண்டாவது தடவை தேய்க்கணும்" என்று.

பிறகு வார்டில் சேர்த்து ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். அதுதான் கொடுமை. ஏறிக் கொஞ்ச நேரத்தில் குளிர் எடுக்கும் பாருங்க, கட்டிலே ஆடும். சென்னை வெயிலில் மூன்று கம்பளி போட்டுக்கொண்டு பல் தந்தியடிக்கும். அப்போதுகூட குணசுந்தரி வார்டுக்குள் வரவில்லை சார். நான் வராதே என்று சொல்லியிருந்தேன்தான். அதற்காக? வெளி வராந்தாவிலேயே, தூண் பக்கத்தில், ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராப்பகலாக அங்கேயே. மற்ற பொம்பளைகளோடு பேசிக்கொண்டிருப்பாள் போல. வீட்டுக்குப் போ என்று ஆள்விட்டுச் சொன்னாலும் போகமாட்டாள். உள்ளேயும் வரமாட்டாள், வீட்டுக்கும் போகமாட்டாள். என்ன மனசு அது, எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் ஒன்று. அந்த நாட்களில் என்னைப் பார்க்க எத்தனை பேர். படிக்கிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். டாக்டர் பர்வீன் என் கையைத் தூக்கிப் பிடித்து விளக்கம் சொல்வாங்க. வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்து, "யூ ஆர் வெரி ரேர்" என்று என் தோளைத் தட்டினார். எல்லாரும் "உங்களுக்கு எப்படி இருக்கு, இன்னைக்கு எப்படி இருக்கு" என்று கேட்பார்கள். கையை நீட்டிக்கொண்டு நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பேன். பக்கத்துக் கட்டில்காரனுக்கு வெறும் கால் புண். அவனை யார் பார்ப்பார்கள்?

அப்புறம் வீட்டுக்கு அனுப்பி, கேப்ஸ்யூல் மாதக்கணக்கில். நடுநடுவே ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு தடவை போகும்போதும் தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. போன வாரம் போனேன். கையை மடக்கச் சொன்னாங்க, நீட்டச் சொன்னாங்க, அழுத்திப் பார்த்தாங்க. "தணிகாசலம், முடிஞ்சுபோச்சு. இனிமே நீங்க இங்க வர வேண்டாம்" என்றாங்க. அவங்க கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சும்மா ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போகட்டுமா மேடம்?" என்று கேட்டேன். "வீட்டுல சந்தோஷமா இருங்க. அங்க உங்களுக்காக ஒரு மனுஷி எவ்வளவு நாளா வராந்தாவுல காத்திருந்தாங்க" என்றாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், வெளியிலிருந்து பார்க்கிறவங்க.

வீட்டுக்கு வந்தேன். கீழ் வாசலைத் தாண்டித்தானே படி ஏறணும்? குணசுந்தரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"என்ன சொல்லுவாங்க" என்றேன். ஏறி வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் சார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா? கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா? போய் அடுப்பைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது. சளி பிடித்திருந்தது போல.

இன்னும் மேலே வந்தால் காலை நனைத்துவிட்டுத்தான் நிற்கிறாள். தட்டு வைக்க வருகிறவள் வெறுமே வைத்துவிட்டுப் போனால் என்ன? இல்லை, இரண்டு காலையும் அழுத்தி நனைத்து, திரும்பி இறங்கும்போது இன்னொரு தரம் நனைத்து. அவள் பாதம் இரண்டும் கறுத்துப் பழுப்பேறிப்போய்க் கிடக்கிறது, அந்த மருந்துக் கறை லேசில் போகாது. அவ்வளவு அருவருப்பு என் மேல். தண்ணீரா? ஆமாம், தினமும் காலையில் நான்தான் மாற்றி வைக்கிறேன். தொழில் சார் அது. அதை எடுக்க முடியுமா?

கீழே என் கட்டில் அப்படியே கிடக்கிறது. படிக்கட்டு ஜன்னலில் பார்த்தால் தெரியும். புது உறை போட்டிருக்கிறாள். காலையில் தட்டிப் போடுகிறாள், சாயங்காலம் தட்டிப் போடுகிறாள். ஓடாமல் கிடந்த ஃபேனை ஆள் கூப்பிட்டுச் சரி பண்ணியிருக்கிறாள். யாரையோ எதிர்பார்க்கிறாள் போல. அவள் தம்பி வருவானாயிருக்கும். என்னிடம் யார் சொல்கிறார்கள்.

பெண் போனில் தினமும் ஒரே பாட்டு. "அப்பா, கீழ போப்பா. நீயா போப்பா." நான் சொல்லிவிட்டேன், உங்கம்மா கூப்பிடட்டும், ஒரே ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லட்டும், தட்டை எடுத்துக்கிட்டு அந்த நொடியே இறங்கறேன். சத்தியமாக இறங்குவேன் சார். இந்தத் தகரத்துக்குக் கீழே எனக்கு என்ன ஆசையா? மோட்டார் சத்தமும் காற்றுக் குமிழ் சத்தமும் கேட்டுக்கேட்டு, யாராவது பேசினால் காது கூசுகிறது. நீங்க வந்ததிலிருந்து நான் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறேன், கவனித்தீங்களா? உங்களைப் பேசவே விடவில்லை. இருங்க, அந்த ஜோடியைக் காட்டுகிறேன். அந்த மூலையில் பாருங்க, கறுப்புக் கோடு போட்டது இரண்டு. ஏஞ்சலில் இது ஆண், இது பெண் என்று நாம் பிடித்துச் சேர்க்க முடியாது. ஏழெட்டைச் சேர்த்து வளர்த்தால் இரண்டு மட்டும் தானாக ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டும். அதுதான்...

ஒரு நிமிஷம். கூப்பிடுகிறாள்.

"என்ன...? ஆமாம், ஆள் இருக்காங்க. மீன் வாங்க வந்தவங்க. கேக்குது, சொல்லு."

...

கேட்டீங்களா சார்? உங்கள் காதிலும் விழுந்தது, இல்லையா? 'மணி ஆச்சு, வந்தவங்களையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வாங்க, இன்னைக்கு மேல எடுத்துட்டு வரலை, ரெண்டு தட்டும் கீழதான் வெச்சிருக்கேன்.' எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்க. இதுவரைக்கும் படியிலாவது சாப்பாடு வந்துகொண்டிருந்தது. இனிமேல் அதுவும் கிடையாதாம்.

இல்லை சார், என்னை இல்லை. உங்களைத்தான். ரெண்டு தட்டு என்றாளே. ஒன்று உங்களுக்கு, ஒன்று அவளுக்கு. அவள் எப்போதும் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் உட்காருவாள், வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இத்தனை காலத்தில் பழக்கம் மாறியிருக்கும். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு மாறியிருக்கும்.

நீங்க போங்க. கூச்சப்படாதீங்க, நன்றாகச் சமைப்பாள். மீனை நீங்க சாப்பிட்டு வருவதற்குள் பிடித்து, கவரில் காற்று அடைத்து வைக்கிறேன்.

நானா? நான் எப்படி சார்.

ஒன்று செய்யுங்க. உள்ளே போய் உட்கார்ந்ததும் அடுப்படிப் பக்கம் லேசாக ஒரு பார்வை பாருங்க. அவளுக்கென்று மூன்றாவதாக ஒரு தட்டு தனியாக வைத்திருக்கிறாளா என்று மட்டும். இருந்தால் ஒரு இருமல் இருமுங்க. நான் கேட்டேன் என்று சொல்லிவிடாதீங்க. பாதிப் படியில்தான் நின்றுகொண்டிருப்பேன், சத்தமாக இரும வேண்டியதில்லை, லேசாக இருமினாலே கேட்கும்.